நுளம்புப் பொறி: வீட்டுக்கு ஒன்று போதாது, லயனுக்கு ஒரு கணக்கு வேண்டும்

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயன் வாசலில் நீலநிற விளக்குப் பெட்டியொன்று தொங்கிக்கொண்டிருந்தது. கொழும்பில் கடையொன்றில் வேலைசெய்யும் மகன் தீபாவளிக்கு வந்தபோது வாங்கிவந்தது. “ராத்திரி பூரா டப்பு டப்புன்னு சத்தம் கேக்கும் மிஸ். கொசுவெல்லாம் சாகுதுன்னு நிம்மதியா இருந்தோம்” என்றார் அவருடைய தாய். அடுத்த மாதம் அந்த வீட்டின் இளைய மகள் டெங்குக் காய்ச்சலோடு ஐந்து நாள் வைத்தியசாலையில் இருந்தாள். துணைக்கு இருந்த தாய்க்கு அந்த ஐந்து நாளும் பேர் விழவில்லை. தோட்டத்தில் பேர் விழாத நாள் சம்பளம் இல்லாத நாள்.

பெட்டியின் அடித்தட்டைக் கழற்றிப் பழைய பத்திரிகைத் தாளில் கொட்டிப் பார்த்தோம். ஈசல், அந்துப்பூச்சி, சிறு வண்டுகள். நுளம்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பெட்டியில் பழுது ஒன்றுமில்லை. டெங்கு நுளம்பு அந்த விளக்கைத் தேடி வருவதில்லை, அவ்வளவுதான்.

இலங்கையில் 2017ஆம் ஆண்டு மட்டும் 1,86,000க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னரும் டெங்கு ஓய்ந்த ஆண்டு இல்லை. மலைநாட்டுக் குளிருக்கு நுளம்பு வராது என்ற பழைய நம்பிக்கை பதுளைக்குப் பொருந்தாது. பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. சுற்றியுள்ள பசறை, ஹாலிஎல, தெமோதரை, லுணுகலைப் பகுதிகளிலும் நுளம்பு பெருகப் போதுமான வெப்பமும் மழையும் உண்டு.

நுளம்புப் பொறி என்ற பெயரில் சந்தையில் பலவிதப் பொருட்கள் வந்துவிட்டன. எதை வாங்கலாம், எதற்குக் காசைச் செலவழிக்க வேண்டாம், வீட்டிலேயே எதைச் செய்யலாம், செய்ததை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்பதைத் தோட்டக் குடும்பமொன்றின் நிலையிலிருந்து பார்ப்பதே இந்தக் கட்டுரை.

முதலில், எந்த நுளம்பு?

எல்லா நுளம்பும் ஒன்றல்ல. பொறி வாங்குமுன் எந்த நுளம்பு கடிக்கிறது என்று தெரியவேண்டும். கடிக்கும் நேரத்தைக் கொண்டே ஓரளவு சொல்லிவிடலாம்.

பகலில், அதிலும் காலையிலும் பொழுது சாய்வதற்கு முந்திய மணித்தியாலங்களிலும், கணுக்காலைத் தேடிக் கடிக்கிற, கறுப்பு உடலில் வெள்ளைக் கோடுகள் உள்ள நுளம்பு ஈடிஸ் வகை. டெங்குவையும் சிக்குன்குன்யாவையும் பரப்புவது இதுதான். இதில் இரண்டு இனங்கள் உண்டு. ஈடிஸ் ஈஜிப்டை என்பது வீட்டோடு ஒட்டி வாழ்வது; நகரத்தில் அதிகம். ஈடிஸ் அல்போபிக்டஸ் என்பது செடி கொடி, மூங்கில், புதர், தேயிலைச் செடிகளின் நிழல் போன்ற இடங்களில் தங்குவது. கொழுந்து பறிக்கும்போது கடிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது இனம்.

இரவில் காதருகே ரீங்காரமிட்டுக் கடிப்பது பெரும்பாலும் கியூலெக்ஸ். லயனுக்கு முன்னால் ஓடும் கானில் தேங்கிய அழுக்கு நீர், மலசலகூடக் குழி ஆகியவற்றில் பெருகும். தூக்கத்தைக் கெடுக்கும், டெங்குவைத் தராது.

மூன்றாவது அனோபிலிஸ். மலேரியாவைப் பரப்பும் வகை. இதுவும் பொழுது சாய்ந்த பின்னர் கடிப்பது. இதைப் பற்றிப் பின்னர் வருகிறேன்.

பொறியைத் தேர்ந்தெடுக்க ஈடிஸ் பற்றி நான்கு விடயங்கள் தெரிந்திருந்தால் போதும். ஒன்று, கடிப்பது பெண் நுளம்பு மட்டுமே. முட்டைக்காகத்தான் அதற்கு இரத்தம் தேவை. இரண்டு, அது முட்டையைத் தண்ணீரில் இடுவதில்லை. பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிவைக்கிறது. ஒரே பாத்திரத்தில் எல்லாவற்றையும் இடாமல் பல இடங்களில் பிரித்து இடும். மூன்று, அந்த முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஊவாவில் கச்சான் காற்று வீசும் ஜூன் முதல் செப்டெம்பர் வரையான வறட்சியில் காலிப் பீப்பாயின் சுவரில் ஒட்டிக் கிடந்து, ஒக்டோபர் மழையில் நீர் ஏறியதும் பொரிக்கும். நான்கு, அது தொலைதூரம் பறப்பதில்லை. பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து 100, 200 மீற்றருக்குள்ளேயே வாழ்ந்து முடிந்துவிடும். உங்களைக் கடிக்கும் டெங்கு நுளம்பு உங்கள் லயனிலோ பக்கத்து லயனிலோதான் பிறந்திருக்கிறது.

கடையில் இருப்பவை

*நீல விளக்கு மின்பொறி.* பூச்சியை ஒளியால் ஈர்த்து மின்கம்பியில் கொல்வது. 1996இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் டெலவெயர் மாநிலத்தில், வீட்டு முற்றங்களில் தொங்கிய இத்தகைய பொறிகளில் ஒரு பருவகாலம் முழுவதும் விழுந்த பூச்சிகளை எண்ணிப் பார்த்தார்கள். மொத்தம் 13,789 பூச்சிகள். அவற்றில் நுளம்பு உட்பட, கடிக்கும் ஈ வகைகள் வெறும் 31. மீதியில் பெரும்பகுதி தீங்கற்றவை; நுளம்பையும் பிற பூச்சிகளையும் தின்று வாழ்பவையும் அவற்றில் அடக்கம். பகலில் கடிக்கும் ஈடிஸுக்கு எதிராக இரவில் எரியும் விளக்கால் எந்தப் பயனும் இல்லை. யூ.எஸ்.பி. வயரில் ஓடும் சிறிய விளக்கு–விசிறிப் பெட்டிகளும் இதே கதைதான்.

*ஒலி எழுப்பும் கருவி.* மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியால் நுளம்பை விரட்டும் என்று சொல்லி விற்கப்படுவது. கைத்தொலைபேசிச் செயலியாகவும் வருகிறது. இவை குறித்து நடந்த 10 கள ஆய்வுகளை 2007இல் கொக்ரேன் அமைப்பின் மீளாய்வு ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. ஒன்றில்கூட நுளம்புக் கடி குறைந்ததாகத் தெரியவில்லை. ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம்.

*வாசனையும் விசிறியும் உள்ள பொறி.* மனித உடல் வாசனையைப் போன்ற இரசாயனத்தை வைத்து, மின்விசிறியால் நுளம்பை உள்ளே இழுப்பது. ஜேர்மனியின் பயோஜென்ட்ஸ் நிறுவனத்தின் பிஜி-சென்டினல் இதில் பெயர்பெற்றது. ஈடிஸ் நுளம்பை உண்மையில் பிடிக்கும். உலகெங்கும் ஆய்வாளர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் விலை அதிகம், நாள் முழுவதும் மின்சாரம் வேண்டும், வாசனைப் பொதியைக் காலத்துக்குக் காலம் மாற்றவேண்டும். ஒரு தோட்டக் குடும்பம் வாங்கவேண்டிய பொருள் இது இல்லை. தோட்ட நிர்வாகமோ பாடசாலையோ வாங்கினால் பயனுண்டு.

*எரிவாயுப் பொறி.* எரிவாயுவை எரித்துக் காபனீரொட்சைட்டை வெளிவிட்டு, மூச்சு விடும் உயிர் ஒன்று இருப்பதாக நுளம்பை ஏமாற்றுவது. பெரிய விடுதிகளுக்கு உரியது. சமையலுக்கே எரிவாயு சிலிண்டர் மாற்ற யோசிக்கும் வீட்டில் இதைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. இதன் ஏழைத் தம்பியாகச் சமூக வலைத்தளங்களில் பரவும் பொறி, வெட்டிய போத்தலில் சீனியும் ஈஸ்டும் கரைத்து வைப்பது. அதிலிருந்து வரும் வாயுவின் அளவு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் மூச்சோடு போட்டிபோடப் போதாது.

*முட்டைப் பொறி.* நுளம்பின் பசியை விட்டுவிட்டு, முட்டையிட இடம் தேடும் அதன் தேவையைக் குறிவைப்பது. கறுப்புப் பாத்திரம், கொஞ்சம் நீர், நிழல். மின்சாரம் வேண்டாம், எரிவாயு வேண்டாம். முட்டையிட வரும் நுளம்பு ஏற்கனவே இரத்தம் குடித்த நுளம்பு. வைரஸைச் சுமக்க வாய்ப்புள்ளதும் அதுதான். ஆகவே ஒரு முட்டைப் பொறியில் விழும் நுளம்பு எண்ணிக்கையில் சிறிதானாலும், பிடிக்கவேண்டிய நுளம்பு அதுவே. கடையில் விற்கும் வகைகளில் சிலவற்றின் உள்ளே பசைத்தாள் இருக்கும். அவுஸ்திரேலியாவில் உருவான காட் என்ற வகையில் நுளம்பு புனல் வழியாக உள்ளே போய் வெளியேற முடியாமல் சாகும். அதன் உட்சுவரில் நச்சு மருந்துக்குப் பதிலாகச் சமையல் எண்ணெயைப் பூசினாலும் வேலை செய்வதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

வீட்டில் செய்யும் முறை

சாதாரண முட்டைப் பொறியை வீட்டிலேயே செய்யலாம். தேவையானவை: ஒரு லீற்றர் அளவுள்ள பிளாஸ்டிக் வாளி அல்லது பால்மா டின், கறுப்புப் பெயின்ற், பழைய நுளம்புவலைத் துண்டு, முரட்டுப் பருத்தித் துணி.

பாத்திரத்தை உள்ளும் புறமும் கறுப்பாக்குங்கள். அடியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் சுற்றிவர மூன்று, நான்கு சிறு துளைகள் இடுங்கள். மழை பெய்தால் மேலதிக நீர் அதன் வழியே வெளியேறும். துளைமட்டத்துக்குக் கீழே வலைத்துண்டை இழுத்துக் கட்டி, சுவரோடு இடைவெளி இல்லாமல் பொருத்துங்கள். நீர் வலையைத் தொட்டு நிற்கவேண்டும். துணியை ஒரு கீற்றாக வெட்டி, வலைக்கு மேல் உட்சுவரில் ஒட்டி வையுங்கள். நுளம்பு துணியிலும் வலையிலும் முட்டையிடும். பொரித்த குடம்பிகள் வலைக்கண் வழியாகக் கீழே இறங்கும். வளர்ந்து நுளம்பாகும்போது வலையைத் தாண்டி வெளியே வர முடியாமல் உள்ளேயே சாகும். இந்த யோசனை புதிதல்ல. 1970களில் சிங்கப்பூரின் பயா லேபர் விமான நிலையத்தில் இதே அடிப்படையிலான பொறிகளைப் பயன்படுத்தினார்கள்.

வெறும் குழாய்நீரைவிட, புல் ஊறிய நீரை ஈடிஸ் அதிகம் நாடும். ஒரு வாளி நீரில் ஒரு கைப்பிடி காய்ந்த புல்லை இட்டு, இறுக மூடி, ஒரு கிழமை ஊறவிடுங்கள். வடித்தெடுத்து, ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு சாதாரண நீர் கலந்து ஊற்றுங்கள். வெளிறிய தேநீர்ச் சாயம்போல் இருந்தால் போதும். ஊறவைக்கும் வாளியைத் திறந்து வைத்தால் அதுவே நுளம்புக் கிடங்காகிவிடும்.

நீரில் உப்புப் போட்டால் குடம்பி சாகும் என்று சிலர் சொல்வார்கள். ஓரளவு உப்பு நீரிலும் ஈடிஸ் குடம்பிகள் வளர்வதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக, கிழக்குப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியான ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். உப்பை நம்பவேண்டாம். அதைவிட முக்கியமாக, மலைக்கு அடிக்கும் மருந்து, புல்லுக்கு அடிக்கும் மருந்து எதையும் பொறியில் ஊற்றாதீர்கள். பிள்ளைகளும் கோழிகளும் நடமாடும் வாசலில் நஞ்சு வைப்பதற்கு அது சமம். குடம்பிகொல்லி தேவையென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்; அளவும் அவர் சொல்லவேண்டியது.

எங்கே வைப்பது

நிலத்தோடு, நிழலில், காற்று அதிகம் அடிக்காத இடத்தில் வையுங்கள். வெயில் படும் பொறியை ஈடிஸ் தேடி வராது. ஆட்கள் உட்காரும் இடத்திலிருந்து சில மீற்றர் தள்ளி, செடிகளின் அடியில் இருப்பது நல்லது. நாய், கோழி கவிழ்க்காதவாறு கல் அணைத்து வையுங்கள். “நுளம்புப் பொறி, தொடவேண்டாம்” என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள்.

லயனில் முன்பக்கத்தைவிடப் பின்பக்கமே முக்கியம். பீப்பாய், கோழிக்கூடு, விறகுக் குவியல், மரக்கறித் தோட்டம் எல்லாம் அங்கேதான். பிள்ளைக் காம்பராவைச் சுற்றி வைக்க மறக்கவேண்டாம். டெங்கு நுளம்பு கடிக்கும் நேரத்தில் குழந்தைகள் இருப்பது அங்கேதான்.

7 பேர்ச்சஸ் காணியில் கட்டப்பட்ட தனிவீடுகளில் இருப்போருக்கு வேலை சற்று இலகு. ஏறத்தாழ 1,900 சதுர அடி நிலம். வேலியோரம் ஒன்று, வீட்டின் பின்புறம் ஒன்று, நீர்த்தொட்டியின் பக்கத்தில் ஒன்று என மூன்று போதும்.

மொனராகலைப் பக்க இறப்பர்த் தோட்டங்களில் வேறொரு சிக்கல். பால் சேரும் சிரட்டையும் கோப்பையும் மரத்துக்கு மரம் இருக்கும். பால் வெட்டாத காலத்தில் மழைநீர் நிறைந்து ஒவ்வொன்றும் ஒரு நுளம்புத் தொட்டிலாகும். நூற்றுக்கணக்கான சிரட்டைகளோடு பத்துப் பொறிகள் போட்டிபோட முடியாது. அங்கே முதல் வேலை சிரட்டைகளைக் கவிழ்த்து வைப்பது. பொறி அதற்குப் பிறகுதான்.

ஒரு வீடு வைத்தால் போதாதது ஏன்

நான் பார்த்த குடும்பங்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகின்றன. ஒரு வீட்டில் மட்டும் பொறி வைத்தால், பக்கத்துப் பத்து வீட்டின் நுளம்பும் அந்த முற்றத்துக்குப் பொதுவாகவே இருக்கும். பொறி பிடிப்பதைவிடப் பிறப்பது அதிகம்.

புவர்ட்டோ ரிக்கோவில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் டெங்குப் பிரிவு செய்த பரிசோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு குடியிருப்பின் பெரும்பாலான வீடுகளில், வீட்டுக்கு மூன்று வீதம் பசை முட்டைப் பொறிகளை வைத்தபோது, ஈடிஸ் ஈஜிப்டை நுளம்பு பாதிக்கும் அதிகமாகக் குறைந்தது. பின்னர் அந்தத் தீவில் சிக்குன்குன்யா பரவியபோது, பொறி வைத்த ஊர்களில் தொற்றுக்குள்ளானோரின் விகிதம், வைக்காத ஊர்களின் பாதியளவாக இருந்தது. அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் யுனிவர்சிட்டி பார்க் என்ற சிறு நகரத்து மக்கள் 2017இல் தங்கள் முற்றங்களில் இரண்டிரண்டு காட் பொறிகளை வைத்தார்கள். பத்து வீட்டில் எட்டு வீடாவது சேர்ந்த தெருக்களில் ஈடிஸ் அல்போபிக்டஸ் நுளம்பு ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்தது. தேயிலை மலையில் கடிக்கும் அதே இனம்தான் இது. சிங்கப்பூரில் தேசிய சுற்றாடல் முகவரகம் தொடர்மாடிக் குடியிருப்புகளில் ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பொறிகளை வைத்து, எந்தத் தொகுதியில் நுளம்பு ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் லயனுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகளை ஒரே கூரையின்கீழ் நெருக்கிக் கட்டிய வெள்ளைக்காரத் துரைமாரின் கணக்கு, நோய் பரவ வசதியான கணக்கு. ஒரு அறையில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அதே நுளம்பு அடுத்த அறைக்கும் போகும். ஆனால் பன்னிரண்டு அறை லயனின் நீளம் நாற்பது மீற்றருக்கும் குறைவு. நுளம்பு பறக்கும் தூரத்துக்குள் பன்னிரண்டு குடும்பமும் அடங்கிவிடும். நகரத்துத் தெருவில் எட்டு வீட்டுக்காரரைச் சேர்ப்பதைவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒரு லயனைச் சேர்ப்பது இலகு. கோயில் திருவிழாவுக்கும் சாவு வீட்டுக்கும் சேர்கிறவர்கள்தானே.

என் கணக்கு இது: இரண்டு அறைக்கு முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று. பன்னிரண்டு அறை லயனுக்குப் பன்னிரண்டு பொறிகள். செப்டெம்பர் முடிவதற்குள், அதாவது மழை இறங்குமுன், வைத்துவிடவேண்டும்.

சீ.ஆர். கொப்பியில் ஒரு பக்கம்

பொறிகளுக்கு இலக்கமிட்டு, வாரம் ஒருமுறை திறக்கும்போது குடம்பி இருந்ததா இல்லையா என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பன்னிரண்டில் ஆறு பொறிகளில் குடம்பி இருந்தால் 50 வீதம். ஹொங்கொங் அரசாங்கம் முன்னர் இதே கணக்கைத்தான் பகுதி பகுதியாக வெளியிட்டுவந்தது: 5 வீதத்துக்குக் கீழ் என்றால் நுளம்பு குறைவு, 20 வீதத்தைத் தாண்டினால் பரவலாக இருக்கிறது, 40 வீதமும் அதற்கு மேலும் என்றால் அதியுச்ச நிலை.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இதைச் செய்துவிடும். அந்தக் கொப்பியோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ தோட்ட வைத்திய அதிகாரியிடமோ போனால், “எங்கள் லயனில் நுளம்பு அதிகம்” என்ற முறைப்பாடு, திகதியும் எண்ணும் உள்ள ஆவணமாகிவிடும். தோட்ட மக்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாத அதிகாரிகூட எழுத்தில் உள்ளதை எளிதில் ஒதுக்க முடியாது.

மறந்த பொறி நுளம்புப் பண்ணை

முட்டைப் பொறி என்பது நாமே வைக்கும் நுளம்புத் தொட்டில். கவனித்தால் பொறி, மறந்தால் பண்ணை. ஈடிஸ் முட்டையிலிருந்து நுளம்பாக வெப்பக் காலத்தில் 7 முதல் 10 நாள் எடுக்கும். அப்புத்தளை, வெலிமடைக் குளிரில் கூடுதல் நாட்கள் ஆகும். ஆகவே ஏழு நாளைத் தாண்டவே கூடாது. ஞாயிற்றுக்கிழமையென்றால் எல்லா ஞாயிறும்.

நீரைக் கானில் ஊற்றாதீர்கள். குடம்பி அங்கேயே வளரும். வெயில் படும் காய்ந்த மண்ணில் கொட்டுங்கள். உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். வெறுமனே அலம்பினால் முட்டை போகாது. துணியைக் கொதிநீரில் போடுங்கள் அல்லது எரித்துவிட்டுப் புதியது வையுங்கள். வலையில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஊருக்குப் போவதானால், அல்லது பார்க்க ஆள் இல்லையென்றால், பொறியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள்.

2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் சட்டத்தின்படி, வளவில் நுளம்பு பெருக இடம்வைப்பது தண்டனைக்குரிய குற்றம். கைவிடப்பட்ட பொறியும் அதில் அடங்கும். பொறி வைக்குமுன் உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லிவிடுவது பாதுகாப்பு.

பொறியால் ஆகாதது

பீலியில் நேரம் பார்த்து நீர் பிடித்துப் பீப்பாயில் சேமிக்கும் குடும்பத்திடம் “நீரைத் தேக்கி வைக்காதே” என்று சொல்வதில் நியாயமில்லை. செய்யக்கூடியது, பீப்பாயின் வாயை வலையாலோ துணியாலோ இறுகக் கட்டுவதும், கிழமைக்கு ஒருமுறை உட்சுவரைத் தேய்ப்பதும்தான். திறந்த ஒரு பீப்பாய் பன்னிரண்டு பொறிகளின் வேலையைக் கெடுத்துவிடும். தகரக் கூரைமேல் பாரமாகப் போட்ட பழைய டயர், பீலித் தகரத்தில் அடைத்த சருகு, யோகட் கோப்பை, வெட்டிய மூங்கிலின் கணு ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள்.

இதற்கு அப்பாலுள்ளது லயன் மக்களின் பொறுப்பு மட்டுமல்ல. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்துவந்தது. வாக்கு கேட்டு வந்த சபைக்கு, குப்பை அள்ள வரமுடியாதிருந்தது. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. ஆகவே இன்று உடைந்த கானையும் அள்ளாத குப்பையையும் குறித்துப் பிரதேச சபையிடம் கேட்பது சலுகை கேட்பதாகாது. கொப்பியின் பிரதியொன்று அங்கேயும் போகட்டும்.

வன்னியிலும் மன்னாரிலும் வாசிப்போருக்கு

1977, 1983 வன்முறைகளுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் இன்றும் பதுளைப் பக்கத்தில் உறவு வைத்திருக்கின்றன. குளிர்மலையிலிருந்து காட்டுக்குப் போன அந்தத் தலைமுறைக்கு மலேரியா என்றால் என்னவென்று சொல்லித்தரத் தேவையில்லை. போர் நடந்த காலத்திலும் மருந்திட்ட நுளம்புவலைகள் வன்னிக்குள் போயின. இரத்தப் பரிசோதனைகள் நடந்தன. உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது.

அதே ஆண்டின் இறுதியில், அனோபிலிஸ் ஸ்டீபன்சை என்ற இந்திய நகர்ப்புற மலேரியா நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் பெருகும் இனம் இது. அனோபிலிஸ் முட்டையைச் சுவரில் ஒட்டாது; நீரின்மேல் மிதக்கவிடும். ஆகவே இங்கே சொன்ன முட்டைப் பொறியை அதற்காக வைத்துப் பயனில்லை. வடக்கில் கிணற்றுக்கு வலை மூடியும் கப்பி மீனும், இரவில் நுளம்புவலையும்தான் வழி. டெங்குவுக்கு எதிராக மட்டும் வடக்கு, கிழக்கு முற்றங்களிலும் இதே பொறியை, இதே ஏழு நாள் ஒழுங்கோடு வைக்கலாம்.

காய்ச்சல் வந்துவிட்டால்

எந்தப் பொறியும் முழுப் பாதுகாப்புத் தராது. காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள். அஸ்பிரின், இபுபுரூபன் போன்றவை இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல் விட்டதும் பிள்ளை தேறிவிட்டது என்று மலைக்கு வேலைக்குப் போய்விடாதீர்கள். டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்கும். கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, முரசு அல்லது மூக்கில் இரத்தம், கைகால் சில்லிடுதல், சோர்ந்து தூங்கிவிழுதல், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாதிருத்தல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை காத்திராமல் பதுளை, தியத்தலாவை போன்ற பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். தோட்டத்திலிருந்து இரவில் வாகனம் யாரிடம் இருக்கிறது, யாரைக் கூப்பிடவேண்டும் என்பதைப் பகலிலேயே பேசிவைத்திருங்கள். நோயாளி பகலிலும் வலைக்குள் படுக்கட்டும். அவரைக் கடித்த நுளம்புதான் அடுத்த அறைக்குப் போகும்.

பசறைப் பக்கத்து லயனுக்கு இரண்டாம் முறை போனபோது நீல விளக்கு அணைந்திருந்தது. கறண்ட் பில் கூடிவிட்டதாம். பின்புறத்தில், கோழிக்கூட்டுக்கு அருகே, கறுப்புப் பெயின்ற் அடித்த பால்மா டின் ஒன்று கல் அணைத்து நின்றது. காய்ச்சலில் கிடந்து எழும்பிய அந்தப் பிள்ளைதான் கொப்பி எழுதுகிறாள். பன்னிரண்டு அறையில் ஏழு அறைக்காரர் சேர்ந்திருக்கிறார்கள். “மத்த அஞ்சு வீடும்?” என்று கேட்டேன். “வர்ற ஞாயித்துக்கெழம அம்மா போய்ப் பேசும் மிஸ்” என்றாள்.